மணலுக்கும் உயிருண்டு
(உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். ஏறத்தாழ 120 லீற்றர் கடல்நீர் பிடிக்கும். அது என் காக்காவின் தொட்டி. அவர் கத்தாருக்குத் தொழிலுக்குப் போகும்போது அதில் இருந்த இரண்டு கோமாளி மீன்களையும் ஒரு நீல டாம்செல் மீனையும் என்னிடம் ஒப்படைத்து, "இது அமானிதம், கவனமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு வீடு முழுவதையும் கழுவித் துடைத்தோம். தொட்டியின் அடியில் இருந்த மணல் மட்டும் பழுப்பாகவும் ஆங்காங்கே பச்சையாகவும் கிடந்தது. பெருநாளைக்கு வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மீன்களை வாளியில் விட்டு மணல் முழுவதையும் அள்ளி எடுத்தேன். சவர்க்காரம் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே குழாய்த் தண்ணீரில் ஒன்பது தரம் அலசி, மேல்தட்டில் பரப்பி ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்தேன். வடிகட்டியின் பஞ்சையும் பிழிந்து கழுவினேன். பழைய நீரை ஊற்றிவிட்டு, வாப்பா கொண்டுவந்த புதிய கடல்நீரை நிரப்பினேன். மணல் சீனி போல் வெள்ளையாக இருந்தது. தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருந்தது. உம்மாவும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. நான்காம் நாள் காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது மூன்றும் இறந்து மிதந்தன.

நஞ்சு எதையும் போடவில்லை. நீர் அழுக்காகவும் இல்லை. பிறகு ஏன் இறந்தன? இந்தக் கேள்வியோடுதான் அந்த வாரம் உயிரியல் பாடவேளைக்குப் போனேன். டீச்சர் கதையைக் கேட்டுவிட்டு, "நீங்கள் மீனைக் கொல்லவில்லை மகள், மணலைக் கொன்றிருக்கிறீர்கள்" என்றார். அந்தப் பதிலின் பொருளைத் தேடிப் படித்ததே இக்கட்டுரை. கடல்மீன் வளர்க்கும் ஆசையுள்ள சகோதரிகள் என்னைப் போல் ஏமாறாதிருக்க இதை எழுதுகிறேன்.

மணலுக்குள் நடப்பது என்ன?

மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. அவற்றின் கழிவும், உண்ணாமல் விட்ட தீனும் அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. அமோனியா மீனுக்குக் கடும் நஞ்சு. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது என்பதால், நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் அது கூடுதலாக நஞ்சேற்றும்.

கடலில் இந்த நஞ்சை அகற்றுகிறவை கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். நாம் நைதரசன் வட்டத்தில் நைத்திரேற்றாக்கம் என்று படிப்பது இதைத்தான். இவ்வேலையைப் பற்றீரியாக்களே செய்கின்றன என்பதை 1890ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி செர்ஜி வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இந்தப் பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிவது குறைவு. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. தொட்டியில் அதிகப் பரப்பு எங்கே இருக்கிறது? நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மணலையும் 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோளம் என்றும், ஒரு லீற்றர் மணற்குவியலில் 60 வீதம் மணல், மீதி இடைவெளி என்றும் கொண்டால், அந்த ஒரு லீற்றர் மணலின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 3.6 சதுர மீற்றர். எங்கள் தொட்டியின் அடிக்கண்ணாடியும் நான்கு பக்கக் கண்ணாடிகளும் சேர்ந்தே 1.4 சதுர மீற்றரைத் தாண்டாது. 4 சென்ரிமீற்றர் ஆழத்தில் எங்கள் தொட்டியில் உள்ள மணல் ஏறத்தாழ 14 லீற்றர். அதன் மேற்பரப்பு 50 சதுர மீற்றர். அதாவது இரண்டு பேர்ச் காணி! காத்தான்குடியில் இரண்டு பேர்ச் காணியின் அருமை தெரியாதவர் யார்? அவ்வளவு இடத்தில் குடியிருந்த அத்தனை உயிர்களையும் நான் ஒரே நாளில் குழாய்த் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்திருந்தேன். பஞ்சில் இருந்தவையும் அதே நாளில் போய்விட்டன.

போனவை திரும்பி வரவும் காலம் எடுக்கும். சாதாரணப் பற்றீரியாக்கள் பலவற்றின் எண்ணிக்கை அரை மணித்தியாலத்தில் இருமடங்காகும். நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களுக்கோ அதற்கு அரை நாள், ஒரு நாள், சிலவேளை அதற்கும் மேல் தேவை. புதிய தொட்டியொன்று மீன் விடத் தயாராவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்வது இதனால்தான். என் மீன்களால் மூன்று நாட்கள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது.

கறுப்பு மணலும் முட்டை நாற்றமும்

அப்படியானால் மணலைத் தொடாமலே விட்டுவிடலாமா? அதுவும் பிழை. அதை விளங்கிக்கொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றங்கரையில் கண்டல் மரங்களுக்குக் கீழே சேற்றில் கால் வைத்துப் பாருங்கள். மேலே ஒரு மெல்லிய பழுப்புப் படை. அதன் கீழே கரி போன்ற கறுப்புச் சேறு. காலை இழுத்தெடுத்தால் கூழ்முட்டை நாற்றம் வரும்.

மேற்படையில் ஒட்சிசன் உண்டு. கீழே இறங்க இறங்க அது குறைந்து, பின் இல்லாமலே போகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் முதலில் நைத்திரேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை அதை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுவது நமக்கு நன்மையே. ஆனால் சேதனக் கழிவு அளவுக்கு மீறிப் புதையும்போது, கடல்நீரில் நிறைய உள்ள சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் பெருகி ஐதரசன் சல்பைட்டை உண்டாக்குகின்றன. கூழ்முட்டை நாற்றம் அந்த வாயுவுடையது. அது மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைட்டாகும்போது கறுப்பு நிறம் வருகிறது.

ஆற்றுச் சேற்றில் இது இயற்கை. சிறிய தொட்டியில் இது ஆபத்து. மணலுக்குள் அடைபட்டிருக்கும் வரை பெரிய தீங்கில்லை. யாராவது கையை விட்டு ஒரேயடியாகக் கிளறினால், வாயு நீரில் கலந்து மீன்களைச் சில மணித்தியாலங்களிலேயே கொன்றுவிடலாம். ஆகவே மணலை முழுதாகக் கழுவினாலும் மீன் சாகும், கவனிக்காமல் விட்டுப் பின் திடீரெனக் கிளறினாலும் மீன் சாகும். பராமரிப்பு என்பது இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். நமது கிழக்குக் கரையில் சில இடங்களில் கடல்மணலிலேயே கருங்கோடுகள் ஓடும். அவை இல்மனைற்று போன்ற பாரமான கனியங்கள். புல்மோட்டையில் தோண்டி எடுப்பது அந்த மணலைத்தான். அதற்கு நாற்றம் கிடையாது. நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்படாமல் மணந்தும் பாருங்கள்.

எவ்வளவு ஆழம்?

வீட்டுத் தொட்டிக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழ மணல் போதும். இந்த ஆழத்தில் நீர் ஓரளவு உள்ளே போய்வரும். சுத்தம் செய்வதும் எளிது. 10 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் போட்டு, நைத்திரேற்றை அகற்றுவதற்கென்றே பயன்படுத்துகிறவர்களும் உள்ளனர். 1980களில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜோன் ஜோபேர், தடித்த மணற்படுக்கையின் அடியில் சிறு நீர்வெளி விட்டு இம்முறையில் பவள உயிரிகளை வளர்த்துக் காட்டினார். ஆனால் அத்தகைய படுக்கையின் ஆழ்பகுதியை ஒருபோதும் கிளறக் கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆழமே தொல்லை. சுத்தம் செய்யவும் கடினம், நைத்திரேற்றை அகற்றவும் போதாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆழம் குறைந்த படுக்கையே நல்லது.

சுத்தம் செய்யும் முறை

நான் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்வதைச் சொல்கிறேன். பெரிய சாமான்கள் தேவையில்லை. விரல் தடிப்பில் ஆறடி பிளாஸ்டிக் குழாய், அடிப்பாகம் வெட்டிய அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல், 20 லீற்றர் வாளி ஆகியவை போதும். போத்தலின் கழுத்தைக் குழாயில் பொருத்தினால் அகன்ற வாய் கொண்ட சைபன் கிடைக்கும்.

முதலாவது, மின்சாரம். பம்பையும் விளக்கையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின்பே தொட்டிக்குள் கை வைக்க வேண்டும். உப்புநீரும் மின்சாரமும் விளையாட்டல்ல. மிதந்து வரும் மணல் பம்புக்குள் போய் அதைப் பழுதாக்காமல் இருக்கவும் இது உதவும். கையில் சவர்க்காரமோ எண்ணெயோ அத்தரோ இருக்கக் கூடாது.

இரண்டாவது, மணற்பரப்பை மனதுக்குள் நான்காகப் பிரித்து, ஒரு தடவையில் ஒரு பகுதியை மட்டும் சுத்தம் செய்யுங்கள். நான் நாட்காட்டியில் 1, 2, 3, 4 என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதி என்றால், முழுத் தொட்டியும் ஒரு சுற்று முடிய இரண்டு மாதம். அதற்கிடையில் மற்ற மூன்று பகுதிகளிலும் உள்ள பற்றீரியாக்கள் வேலையை விடாமல் செய்யும். சுத்தம் செய்த பகுதியும் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிடும்.

மூன்றாவது, குழாயை நீரில் முழுவதும் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்து வாளிக்குள் இறக்கி விரலை எடுங்கள். நீர் ஓடத் தொடங்கும். போத்தலின் வாயை மணலுக்குள் 2 சென்ரிமீற்றர் அளவு மட்டும் அழுத்துங்கள். மணல் போத்தலுக்குள் எழும்பிச் சுழலும். பாரம் குறைந்த ஊத்தை குழாய் வழியே போகும். பாரமான மணல் கீழே விழும். மணலும் சேர்ந்து ஏறினால் குழாயைச் சற்று நசுக்கிப் பிடியுங்கள், மணல் திரும்ப இறங்கிவிடும்.

நான்காவது, வாளி நிரம்பியதும் நிறுத்த வேண்டும். 20 லீற்றர் என்பது எங்கள் தொட்டி நீரில் ஆறில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. குறித்த பகுதி முடியாவிட்டாலும் பரவாயில்லை, மிச்சம் அடுத்த முறைக்கு.

ஐந்தாவது, புதிய கடல்நீரை ஊற்றும்போது மணலின் மேல் ஒரு பீங்கானை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். குழி விழாது. அரை மணித்தியாலம் பொறுத்து நீர் தெளிந்த பின் பம்பைப் போடுங்கள்.

ஆறாவது, அதே நாளில் வடிகட்டிப் பஞ்சைத் தொடாதீர்கள். அடுத்த வாரம், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரீன் பற்றீரியாக்களைக் கொல்லும்.

ஏற்கெனவே கறுத்த இடம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி அளவு இடத்தை மட்டும் சைபனால் மணலோடு சேர்த்து உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள். அன்று காற்றுக் கல்லை நன்றாக ஓடவிடுங்கள். மணல் மேல் சிவந்த, வழுவழுப்பான படை பிடித்தால் அங்கே நீரோட்டம் குறைவு, தீன் கூட என்று பொருள். பம்பின் வாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுத் தீனைக் குறையுங்கள். புதிய தொட்டியில் தோன்றும் பழுப்புத் தூள் பெரும்பாலும் தயற்றம் என்னும் நுண்பாசி. அது சில வாரங்களில் தானாகக் குறையும். நான் அழுக்கென்று வெட்கப்பட்ட பழுப்பின் பெரும்பகுதி இதுதான்.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து தீனில் கட்டுப்பாடு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் போட வேண்டும். மீன் வாயைத் திறக்கிறதே என்று இரக்கப்பட்டுப் போடுவது மணலுக்குள் போய்த்தான் அழுகும்.

மணலைக் கிளறும் உதவியாளர்கள்

கடலின் அடியிலும் ஆற்றின் அடியிலும் மணலைக் கிளற ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஆற்றின் ஊரிகளை எல்லோரும் அறிவோம். 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் வாவியில் எழும் இசையைக் கேட்ட சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், அது ஊரியின் சத்தம் என்று இங்குள்ள மீனவர்கள் தன்னிடம் கூறியதாக 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதியுள்ளார். ஊரி பாடுமோ பாடாதோ, மணல் மேல் படியும் பாசியையும் அழுகலையும் மேய்வது உண்மை. தொட்டியில் நாலைந்து கடல் நத்தைகளும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றும் இருந்தால் மேற்படை இறுகாமல் இருக்கும். வாவி ஊரி குறைந்த உவர்ப்பிலும் வாழப் பழகியது. அதைத் திடீரென முழு உவர்ப்பில் போடாமல், சில மணித்தியாலங்களில் சிறிது சிறிதாகக் கடல்நீர் சேர்த்துப் பழக்க வேண்டும்.

கடலட்டையும் மணலை விழுங்கிச் சுத்தமாக வெளியேற்றும். ஆனால் சிறிய தொட்டியில் அதற்குத் தீன் போதாது. இறந்தால் சில இனங்கள் நீரையே நஞ்சாக்கிவிடும். அதைப் பிடிக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும். கடலில் விட்டுவிடுவதே நல்லது. உயிருள்ள பவளத்தை உடைத்துக் கொண்டுவருவதும் சட்டப்படி குற்றம்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறையும் நீரை நன்னீரால் நிரப்புங்கள், கடல்நீரால் அல்ல. அதற்கும் குளோரீன் அகல ஒரு நாள் திறந்து வைத்த நீரே வேண்டும். மாரிக்காலத்தில் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலில் கலக்கும் நாட்களில் கரையோர நீர் கலங்கி உவர்ப்புக் குறைந்திருக்கும். அந்த நாட்களில் நீர் எடுக்காமல், முன்பே இரண்டு கேன் எடுத்து மூடி வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டியும் ஆறும்

மீன்கள் இறந்த கதையை என் மூத்தாப்பாவிடம் சொன்னேன். இளமையில் ஆற்றில் வீச்சுவலை வீசியவர் அவர். "ஆத்துர ஊத்தைய ஆறே திண்டிரும் புள்ள. நாம கொண்டுபோய்க் கொட்டுறதத்தான் அதுக்குத் திண்டு முடிக்க ஏலா" என்றார்.

அவர் நைத்திரேற்றாக்கம் படித்தவர் அல்லர். ஆனால் நான் தொட்டியில் படித்ததை ஆற்றில் பார்த்திருக்கிறார். 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு உள்ள வாய் இரண்டுதான்: பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும். கோடையில் மணல்திட்டு அந்த வாய்களை அடைக்கும். மாரியில் வெள்ளம் உடைக்கும், அல்லது மனிதர் வெட்டிவிடுவர். அதுவே ஆற்றின் நீர்மாற்றம். அடைபட்டிருக்கும் மாதங்களில் கிடைப்பதையெல்லாம் செரிப்பது அடியில் உள்ள மணலும் சேறும்தான். ஆற்றங்கரையில் குப்பைப் பையையும் இறைச்சிக் கழிவையும் கொட்டும்போது நாம் செய்வது, மீன் தின்ன முடியாத அளவு தீனைத் தொட்டியில் போடுவதைத்தான். தொட்டியின் மணலை சைபனால் எடுக்கலாம். ஆற்றை எந்தக் குழாயால் எடுப்பது?

காக்காவிடம் ஒரு கிழமையாக உண்மையைச் சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் "மீனக் காட்டு" என்றபோதெல்லாம் சிக்னல் சரியில்லை என்றேன். பிறகு அழுதுகொண்டே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, திரும்ப மணல்ல இருந்து தொடங்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னபடி தொடங்கினேன். காக்காவின் கூட்டாளி ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து இரண்டு கோப்பை மணலை ஈரத்தோடு வாங்கி வந்து என் மணலின் மேல் தூவினேன். மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகைத் தீன் போட்டுப் பற்றீரியாக்களுக்கு உணவு கொடுத்தேன். வீட்டார் சிரித்தார்கள். ஆறாவது வாரம் சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று கண்ட பிறகே இரண்டு கோமாளி மீன்களை வாங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், ஐந்து மாதமாக நன்றாக இருக்கின்றன.

மணல் இப்போது வெள்ளையாக இல்லை. கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் பழுப்பும் பச்சையுமாகப் படைகள் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது "மணலைக் கழுவக் கூடாதா மகள்?" என்று கேட்டால், அவர்களை உட்காரவைத்து இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.